மாமியாரின் பீக்கோவும் உங்கள் சர்க்கரை அளவும்

வாசகருக்கு 46 வயது. பிலிப்பைன்ஸின் மகாத்தி நகரில் 13 ஆண்டுகளாகக் கணக்காளராக இருக்கிறார். மனைவி கேசோன் மாகாணத்து லுசேனாவைச் சேர்ந்தவர். கடிதம் மூன்று பக்கம். பெயரையும் அடையாளங்களையும் நீக்கி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டு ஆண்டுகளாக அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி கடைசிப் பரிசோதனையில் 7.4, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 138. காலையில் கிளிமெபிரைடு 1 மி.கி., காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மி.கி. டிசம்பர் 16-இல் 'சிம்பாங் கபி' விடியற்காலைப் பூசைகள் தொடங்குமுன் மாமியார் லுசேனாவிலிருந்து வந்துவிடுவார். புத்தாண்டு வரை வீட்டில் வாரம் இருமுறையாவது பீக்கோ உண்டு. மலக்கிட் என்கிற ஒட்டும் அரிசி, தேங்காய்ப்பால், பழுப்புச் சர்க்கரை மூன்றையும் கிளறி, வாழையிலை விரித்த பிலாவோ முறத்தில் பரப்பி, மேலே லாத்திக் என்கிற தேங்காய்ப்பால் பொருக்கைத் தூவிய இனிப்பு. "வேண்டாமென்றால் முகம் வாடிவிடுகிறது, சாப்பிட்டால் மனைவி முறைக்கிறாள்" என்று எழுதியிருக்கிறார்.

தன் பக்க நியாயங்களையும் வரிசையாக வைத்திருக்கிறார். பீக்கோவில் வெள்ளைச் சர்க்கரை இல்லை. தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிட்டால் மாவுச்சத்து குறைகிறது. ஒருமுறை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தபோது 152தான் இருந்தது. பீக்கோ உண்டென்று தெரிந்த நாளில் காலை உணவைத் தவிர்த்துவிடுகிறார். இரவு மெட்ஃபார்மின் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை இறங்கினால் உதவுமென்று அலுவலகப் பையில் ஒரு துண்டு வைத்திருக்கிறார். கடைசியாக, ஜனவரியில் தங்கை குடும்பம் திருச்சியிலிருந்து வருகிறது. தங்கை மகனுக்குக் கோதுமை ஆகாது. அரிசிப் பையில் 'குளூட்டினஸ் ரைஸ்' என்று அச்சிட்டிருக்கிறதே, கொடுக்கலாமா என்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் பீக்கோ சாப்பிடலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை தவறு. அதில் இரண்டு, பீக்கோவைவிட ஆபத்தானவை. அந்த இரண்டையும் முதலில் முடித்துவிடலாம்.

மருந்தோடு விளையாட வேண்டாம்

கிளிமெபிரைடு, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. மாத்திரை உள்ளே போனால் அது நடந்தே தீரும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, மாலையில் பீக்கோ வருகிறது என்று காலை உணவை விட்டால், பதினொரு மணிக்குக் கை நடுங்கி வியர்த்துப் போவது இதனால்தான். "அடிக்கடி தாழ்சர்க்கரை வருகிறது" என்று உங்கள் கடிதத்தின் வேறொரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் காலைப் பட்டினியையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்றிலிருந்து காலை உணவு கட்டாயம். தாழ்சர்க்கரை எத்தனை முறை வந்தது, எந்த நேரத்தில் என்பதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர் தீர்மானிப்பார்.

மெட்ஃபார்மின் கதை வேறு. அது கல்லீரல் தானாக வெளியிடும் குளுக்கோஸைக் குறைத்து, நாள்கணக்கில் சீராக வேலை செய்யும் மருந்து. ஒரு தட்டு இனிப்புக்குப் பரிகாரமாக ஒரு மாத்திரை என்ற கணக்கு அதற்குக் கிடையாது. கூடுதல் மாத்திரையால் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு மட்டுமே.

பையில் இருக்கும் அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள். தாழ்சர்க்கரைக்கு வேண்டியது விரைவாக இரத்தத்தில் கலக்கும் 15 கிராம் சர்க்கரை: மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. பீக்கோவில் உள்ள தேங்காய்க் கொழுப்பு இரைப்பையைக் காலியாக விடாது. நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது உங்களைக் காத்திருக்க வைக்கும். 15 நிமிடம் கழித்து மீண்டும் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் அதே அளவு சர்க்கரை இன்னொரு முறை.

ஒரு துண்டில் என்ன இருக்கிறது

மாமியார் கணக்கை நீங்களே எழுதியிருப்பது நல்லதாயிற்று: அரிசி 2 கப், தேங்காய்ப்பால் 3 கப், அழுத்தி நிரப்பிய பழுப்புச் சர்க்கரை ஒன்றரை கப், 12 துண்டு. கப் என்றால் 240 மி.லி. என்று வைத்துக்கொள்கிறேன். ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி.தான், அரிசியை அதிலும் சர்க்கரையைப் பெரிய கப்பிலும் அளக்கும் வீடுகள் உண்டு. அப்படியானால் இனிப்பு இன்னும் கூடும். ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

அரிசி 370 கிராம், சர்க்கரை 330 கிராம், டின்னில் வரும் தரத்துப் பால் 720 கிராம் என்று கொண்டால், ஒரு பிலாவோவில் ஏறக்குறைய 4,050 கலோரி, 645 கிராம் மாவுச்சத்து, 155 கிராம் கொழுப்பு, 40 கிராம் புரதம். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு துண்டுக்கு 337 கலோரி. மாவுச்சத்து 54 கிராம், அதில் சேர்த்த சர்க்கரை மட்டும் 27. கொழுப்பு 13 கிராம், அதில் 11-க்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. புரதம் மூன்றரை கிராமுக்கும் குறைவு. நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது.

இதைச் சோற்றுக் கணக்கில் சொன்னால் உங்களுக்குச் சட்டெனப் புரியும். பிலிப்பைன்ஸின் உணவு, ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனமான எஃப்என்ஆர்ஐ வெளியிடும் பரிமாற்றப் பட்டியலில் அரைக் கப் சோறு ஓர் 'அலகு'. அதில் 23 கிராம் மாவுச்சத்து. உங்கள் ஒரு துண்டு பீக்கோ, ஒரு கப் சோற்றுக்கும் சற்று அதிகம். நீரிழிவு உள்ள பலருக்கு ஒரு வேளை முழுவதற்கும் ஒதுக்கும் மாவுச்சத்து 45 முதல் 60 கிராம். ஆக, நீங்கள் மாலை மெரியெண்டாவுக்கு, அதாவது மாலைச் சிற்றுண்டிக்கு, காபியோடு எடுத்துக்கொள்ளும் துண்டு சிற்றுண்டி அல்ல. அது ஒரு சாப்பாடு. இரவில் அதற்குமேல் இன்னொரு சாப்பாடு விழுகிறது.

இதுவும் டின் பாலுக்கான கணக்குதான். லுசேனாக்காரர் தேங்காய் திருவி, தண்ணீர் சேர்க்காமல் பிழிந்த முதல் பாலையே, அதாவது 'காக்காங் கத்தா'வையே, மூன்று கப்பும் ஊற்றுகிறார் என்றால் கொழுப்பு இதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். தென்னைக்குப் பேர்போன மாகாணம். பால் தண்ணீராக இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது.

சர்க்கரையின் நிறமும் அரிசியின் வேகமும்

பழுப்புச் சர்க்கரை என்பது கொஞ்சம் கரும்புப் பாகு ஒட்டியிருக்கும் சர்க்கரை. 100 கிராமில் 380 கலோரி. வெள்ளைச் சர்க்கரையிலிருந்து விரல் நகம் அளவுதான் வேறுபாடு. இரும்பு, கால்சியம் உண்டென்பது உண்மை. உங்கள் துண்டில் உள்ள 27 கிராம் சர்க்கரையில் இரும்பு 0.2 மி.கி. அங்கே மலுங்காய் என்று விற்கிற நம் முருங்கைக்கீரையில் ஒரு பிடி, 20 கிராம் எடுத்தால் அதைப்போல நான்கு மடங்கு இரும்பு வந்துவிடும். நெக்ரோஸ் தீவின் சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரையான மஸ்கொவாடோவில் இந்தத் தாதுக்கள் சற்றுக் கூடுதல், சர்க்கரை சர்க்கரைதான்.

தென்னம்பூச் சர்க்கரைக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதன் கிளைசெமிக் குறியீடு, அதாவது இரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகம், 35 என்று பாக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். அது எஃப்என்ஆர்ஐ அளவு. சிட்னி பல்கலைக்கழகம் அளந்தபோது 54 வந்தது. எதை நம்பினாலும், அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரைதான். கலோரியும் ஏறக்குறைய அதேதான். கூடுதல் விலை கொடுத்து அதே ஒன்றரை கப் போட்டால் பயனில்லை.

நீங்கள் கவனிக்கத் தவறியது அரிசி. எல்லாரும் சர்க்கரையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அரிசி சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடுகிறது. சாதாரண அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு வகை. அமைலோஸ் நீளமான சங்கிலி. நெருங்கிச் சுருண்டு கிடப்பதால் செரிமான நொதிகள் அதை மெதுவாகத்தான் வெட்டும். அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்தது. பல முனைகளில் ஒரே நேரத்தில் வெட்டுப்படும். மலக்கிட்டில் அமைலோஸ் இரண்டு சதவீதத்துக்கு மேல் இருக்காது, மற்றதெல்லாம் அமைலோபெக்டின். வெந்ததும் அரிசி ஒன்றோடொன்று பசைபோல ஒட்டுவதற்கும், வயிற்றில் விரைவாகக் குளுக்கோஸாக மாறுவதற்கும் காரணம் ஒன்றே. மேசைச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது கல்லீரலுக்குப் போய்விடுவதால் உங்கள் குளுக்கோமீட்டர் அதை நேரடியாகக் காணாது. மலக்கிட்டோ முழுக்க முழுக்கக் குளுக்கோஸ். கிராமுக்குக் கிராம் பார்த்தால் சர்க்கரையைவிட அந்த அரிசியே மீட்டரை அதிகம் ஏற்றும்.

இதனால்தான் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ், ஸ்டீவியா போட்ட பீக்கோவும் உங்களைக் காப்பாற்றாது. சர்க்கரையை முற்றிலும் எடுத்துவிட்டாலும் துண்டுக்கு 25 கிராம் அரிசி மாவுச்சத்து அப்படியே நிற்கும். தவிர, பாகு இல்லாமல் பீக்கோ கூழாகிவிடும். வெட்டினால் துண்டாக நிற்காது.

ஃபிரிட்ஜ் உபாயமும் இங்கே செல்லாது. சோற்றை ஆறவைத்தால் ஒரு பகுதி செரிக்காத மாவுச்சத்தாக இறுகுகிறது என்பது சரியான தகவல்தான். ஆனால் அப்படி இறுகுவதில் பெரும்பங்கு அமைலோஸுடையது. அது இல்லாத அரிசியை எத்தனை நாள் குளிரில் வைத்தாலும் கிடைப்பது பெயரளவுக்குத்தான். பீக்கோ கெட்டியாகும், சர்க்கரை குறையாது.

பிருருத்தோங் என்கிற கருஊதா ஒட்டரிசி கொஞ்சம் மேல். உமி மட்டும் நீக்கித் தவிட்டோடு வருவதால் நார்ச்சத்தும், அந்த ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனினும் உண்டு. அதுவும் ஒட்டரிசியே என்பதை மறக்க வேண்டாம். தெருவில் விற்கும் ஊதா நிறப் பலகாரங்களில் பலவற்றுக்கு நிறம் சாயப்புட்டியிலிருந்து வருகிறது. அரிசியை நீங்களே வாங்கினால்தான் இந்தப் பேச்சே.

"நம் சர்க்கரைப் பொங்கல் மாதிரிதானே" என்ற உங்கள் வரிக்கு: உறவுதான், உடன்பிறப்பல்ல. பொங்கலில் பாசிப்பருப்பும் அமைலோஸ் உள்ள பச்சரிசியும் இருக்கின்றன. அதனால் அது உங்களுக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை.

அந்த 152-ஐ நம்பலாமா?

நம்பலாம், அந்த நிமிடத்துக்கு மட்டும். கொழுப்பு மிகுந்த மாவுச்சத்து உணவில் சர்க்கரை ஏற்றம் தள்ளிப்போகும். தேங்காய்ப்பால் இரைப்பையை மெதுவாக்குவதால் முதல் இரண்டு மணி நேரம் எண் சமர்த்தாக நிற்கும். மூன்றாம், நான்காம் மணியில் ஏறும். பீக்கோ சாப்பிட்ட மறுநாள் காலை வெறும் வயிற்றில் 168 இருந்ததென்றும், தூக்கம் சரியில்லாததால் இருக்கலாமென்றும் எழுதியிருக்கிறீர்கள். தூக்கமும் காரணமாகலாம். இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்ட இரண்டு துண்டுகளை நான் முதலில் சந்தேகிப்பேன்.

வேறு வேலையில்லாத இரண்டு நாட்களில் இப்படிச் சோதியுங்கள். முதல் வாய் வைக்குமுன் ஒருமுறை. அந்த நேரத்திலிருந்து 1, 2, 3, 4 மணி நேரங்களில் ஒவ்வொரு முறை. ஒருநாள் பீக்கோவைத் தனியாக மெரியெண்டாவுக்கு. மறுமுறை அதே அளவைச் சாப்பாட்டின் முடிவில், சோற்றைக் குறைத்துக்கொண்டு. எண்களைத் தாளில் எழுதுங்கள். உச்சம் 180-ஐத் தாண்டுகிறதா, எத்தனை மணிக்குத் தாண்டுகிறது என்று தெரிந்துவிடும். மாமியாரிடம் பேசுவதற்கும் மருத்துவரிடம் பேசுவதற்கும் அந்தத் தாள் உதவும்.

தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது சரி. எந்தத் தாவரத்திலும் குறிப்பிடும்படி இருக்காது. உங்கள் எல்டிஎல்லை ஏற்றுவது உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய்க் கொழுப்பில் பாதியளவு லாரிக் அமிலம். அது நல்ல கொழுப்பையும் ஏற்றும், எல்டிஎல்லையும் ஏற்றும். நாளுக்கு 1,800 கலோரி உண்பவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் உச்சவரம்பு 20 கிராம். ஒரு துண்டிலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. 138 இருக்கும் ஒருவர், வாரம் இருமுறை, தலா இரண்டு துண்டு என்று போவது சரிவராது.

மாமியாரிடம் என்ன கேட்கலாம்

செய்யாதீர்கள் என்று கேட்கவேண்டியதில்லை. மூன்று மாற்றங்கள் போதும்: சர்க்கரை 330 கிராமிலிருந்து 180, தேங்காய்ப்பால் 3 கப்பிலிருந்து 2 கப், குறைந்த ஒரு கப்புக்குத் தண்ணீர், 12 துண்டுக்குப் பதில் 20. அரிசி அதே 370 கிராம். மொத்தம் 3,000 கலோரிக்கு இறங்கும். ஒரு துண்டில் 150 கலோரி, மாவுச்சத்து 25 கிராமுக்குச் சற்றுக் கீழே, நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமுக்கும் குறைவு. 5 செ.மீ. சதுரம், 2 செ.மீ. கனம், ஏறத்தாழ 65 கிராம். அரைக் கப் சோற்றுக்கு ஈடு. தட்டில் சோற்றை அரைக் கப் குறைத்தால் கணக்கு நேராகிவிடும்.

மூன்றில் அதிகப் பலன் தருவது துண்டின் அளவுதான். வெட்டுவதை விருந்தினர் கையில் விடாமல், ஆறியதும் சமையலறையிலேயே எண்ணெய் தடவிய கத்தியால் இருபதாக வெட்டி வைக்கச் சொல்லுங்கள். பிலாவோவிலிருந்து ஆளாளுக்குக் கரண்டியால் எடுத்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

சர்க்கரையையும் பாலையும் குறைத்துச் செய்யும்போது கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. அவர் உங்களைவிட நன்றாக அறிந்தவர்; இருந்தாலும் அளவு மாறும்போது கைப்பழக்கம் ஏமாற்றும்.

அரிசியை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஒன்றரை கப் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். நடுவில் மிகமிக லேசான கடினம் இருக்கும்போது இறக்குவது சரி. பாகில் மீதி வேகும். ஆனால் பாதி வெந்த அரிசியில் சர்க்கரையைக் கொட்டினால் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அரிசி அதன்பின் வேகாது. பல்லில் நறநறவென்று கடிபடும் பீக்கோவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தனி வாணலியில் பால், தண்ணீர், சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தட்டிய இஞ்சித் துண்டு இரண்டு, முடிச்சிட்ட பாண்டான் இலை ஒன்று. மிதமான தீயில் இருபது நிமிடம்வரை, கரண்டியின் முதுகில் படியும் பதத்துக்கு வற்றவிடுங்கள். சர்க்கரை குறைந்திருப்பதால் பாகு வழக்கமான கம்பிப் பளபளப்புக்கு வராது. அதற்காகக் காத்திருந்தால் பால் பிரிந்து எண்ணெய் மிதக்கும். இஞ்சியும் உப்பும் அலங்காரத்துக்கு அல்ல: குறைந்த சர்க்கரையை நாக்குக்குக் கூட்டிக் காட்டுபவை அவை. இலையையும் இஞ்சியையும் எடுத்துவிட்டு அரிசியைச் சேர்த்து, சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் அடியோடு கிளற வேண்டும். மொத்தமும் ஒரே உருண்டையாகத் திரண்டு வாணலியின் ஓரத்தை விட்டு வரும்போது இறக்கலாம்.

லாத்திக் பற்றி. தெற்கு லூசோனில் அது, முதல் பாலை அரை மணி நேரம் காய்ச்சி, எண்ணெய் பிரிந்தபின் அடியில் பொன்னிறமாக மிஞ்சும் பொருக்கு. விசாயாஸ் தீவுகளில் அதே பெயரில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்த கெட்டிப் பாகைச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் முதல் வகை என்பது நல்ல செய்தி. அதில் சேர்த்த சர்க்கரை இல்லை. பிரிந்த எண்ணெயை வடித்து வேறு சமையலுக்கு வைத்துக்கொண்டு, பொருக்கைத் துண்டுக்கு அரைத் தேக்கரண்டி தூவினால் போதும். எண்ணெயையும் பீக்கோவின்மேல் ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இலையில் தடவ ஒரு தேக்கரண்டி போதும். கன்டென்ஸ்டு மில்க் ஊற்றி ஓவனில் சுடும் வகை, உங்கள் எண்களோடு இப்போதைக்கு ஒத்துவராது.

சர்க்கரை குறைந்த பீக்கோ விரைவில் கெடும், விரைவில் விறைக்கும். மணிலா வெக்கையில் காலையில் செய்ததை இரவுவரை மேசையில் வைத்திருக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. சமைத்த அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. ஓரிரு மணி நேரத்துக்குமேல் வெளியே வேண்டாம். புளிப்பு வாடை வந்தால் சுடவைத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். அரிசியில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி விட்டுச்செல்லும் நச்சுகளில் ஒன்று சூட்டுக்கு அசையாது. ஃபிரிட்ஜில் வைத்ததை வாழையிலையில் சுற்றி ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் மறுபடி மிருதுவாகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வறுத்த பாசிப்பயறும் ஒட்டரிசியும் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சும் 'கினத்தாங் முங்கோ' அங்குள்ள பழைய மெரியெண்டாதான். பம்பாங்கா மாகாணத்தில் அதற்கு 'லேலுத் பலத்துங்' என்று பெயர். பயறை அரிசியைவிடக் கூடுதலாகப் போட்டு, சர்க்கரையைக் கையை இறுக்கிப் போட்டால், கிண்ணத்தில் ஓரளவு புரதமும் நார்ச்சத்தும் இருக்கும். வாரம் இரண்டு பீக்கோவில் ஒன்றை இதற்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். மருமகன் ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால் மாமியார் மறுப்பார் என்று தோன்றவில்லை.

பூசை முடிந்த காலைகளும் 24-ஆம் தேதி இரவும்

விடியற்காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால் புத்தோ பும்போங், பிபிங்கா வாசம் மூக்கைத் துளைக்கும். அதுவும் ஒட்டரிசி, அரிசி மாவு, தேங்காய், சர்க்கரைதான். அன்று காலை அதைச் சாப்பிட்டால் அன்றைக்கு மாமியார் பீக்கோ இல்லை என்று இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு முட்டையாவது உடன் இருக்கட்டும். கிளிமெபிரைடை எத்தனை மணிக்குப் போடுவது என்பதையும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நான்கு மணிக்கு எழுந்து, எட்டு மணிக்குச் சாப்பிடும் நாட்களில் இந்தக் கேள்வி முக்கியம்.

நோச்சே புவேனா என்கிற கிறிஸ்துமஸ் நள்ளிரவு விருந்து மேசையில் பீக்கோ மட்டுமா இருக்கிறது? பான்சித் நூடுல்ஸ், இனிப்பு ஸ்பகெட்டி, கிரீம் ஊற்றிய பழக்கலவை எல்லாமே மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். ஹாம், கெசோ தே போலா பாலாடைக்கட்டி இரண்டும் உப்பு, கொழுப்பு. இரவு ஏழு மணிக்கு மீனும் காயும் சேர்த்து அளவான சாப்பாடு சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு பன்னிரண்டு மணிவரை காத்திருப்பதுதான் எல்லாக் கணக்கையும் குலைப்பது. நள்ளிரவில் முதலில் காய்கறி, மீன் அல்லது கோழி; பான்சித்தா பீக்கோவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் கடைசியாக. பீக்கோ என்றால் அந்த 65 கிராம் துண்டு ஒன்று. அதன்பின் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். அன்றிரவு தெருவே விழித்திருக்கும், கூட வர ஆள் கிடைக்கும்.

ஒட்டும் பண்டம் சாப்பிட்டால் குடும்பம் ஒட்டியிருக்கும் என்று புத்தாண்டுக்கு அவர் இன்னொரு துண்டு வைப்பார். ஒன்று தின்றாலும் ஒட்டும்.

தங்கை மகனுக்கு

கொடுக்கலாம். பையில் உள்ள 'குளூட்டினஸ்' என்ற சொல்லுக்குப் பசைபோன்றது என்றே பொருள். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் எந்த அரிசியிலும் இல்லை. மருத்துவர் சொன்னது குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயா, கோதுமை ஒவ்வாமையா என்று தங்கையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வீட்டுப் பீக்கோ பிரச்சினையில்லை. கடையில் வாங்கும்போதுதான் கவனம்: சுட்ட வகைகளின் மேற்பூச்சைக் கெட்டியாக்க மைதா சேர்ப்பதுண்டு. அதே தட்டில் பக்கத்தில் இருக்கும் புத்தோ என்கிற ஆவியில் வேகவைத்த பலகாரத்தில் இன்று பெரும்பாலும் மைதாதான். இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டுவார்கள்.

டிசம்பர் 16-க்கு முன் மருத்துவரைப் பார்க்கும்போது மூன்றைக் கொண்டுபோங்கள்: தாழ்சர்க்கரை வந்த தேதிகளும் நேரங்களும், இரண்டு நாள் பீக்கோ அளவீடுகள் எழுதிய தாள், நீங்களாகப் போட்டுக்கொண்ட கூடுதல் மெட்ஃபார்மின் மாத்திரைகளின் கணக்கு. மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். அதைத்தான் முதலில் சொல்லுங்கள்.